புதுக் காரும் சேம அச்சும்

பத்தாம் வகுப்பிலே ஒருநாள் பதினெண்கீழ்க்கணக்கு நூல்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன். 'கார் நாற்பது' என்ற பெயர் வந்ததும், பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "சேர், நாற்பது காரும் ஒருவருக்கே சொந்தமா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். கார் என்பது மேகத்தையும் மழைக்காலத்தையும் கருமையையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் என்பதையும், மதுரைக் கண்ணங்கூத்தனார் பாடிய அந்நூல் கார்காலத்திலே மீள்வதாகச் சொல்லிப் பிரிந்த தலைவனை எதிர்பார்த்திருக்கும் தலைவியைப் பற்றியது என்பதையும் விளக்கினேன். அவன் விடவில்லை. "தலைவன் எதிலே திரும்பி வருவான், சேர்?" என்றான். தேரிலே என்றேன். "புதுத் தேரா, பழைய தேரா?" என்றான்.

அக் கேள்விக்கு அன்று நான் விடை கூறவில்லை. அதே கேள்வி என் வீட்டிலே பல மாதங்களாக நடந்துகொண்டிருந்ததை அவன் எங்ஙனம் அறிவான்!

எங்கள் வீடு ஹந்தானை மலைச்சரிவிலே, பிரதான வீதியிலிருந்து முக்காற் கிலோமீற்றர் அளவு மேலே உள்ளது. பாதை ஒடுக்கமானது, இரண்டு இடங்களில் நெஞ்சை முட்டும் ஏற்றம். இளமையில் அதனை ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. தமிழ்ப் புலமையை விரும்பிக் கீழைத்தேயக் கல்லூரி ஒன்றிலே கற்று, பண்டிதர் என்ற பட்டத்துடன் பள்ளிக்கூடத்திற் சேர்ந்த காலந்தொட்டு, நடையும் பேருந்துமே எனக்கு வாகனங்கள். என்னைப் போன்ற ஓர் ஆசிரியனுக்குக் காரைப் பற்றிய சிந்தனை வந்தது 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேதான்.

அவ்வாண்டு பெற்றோல் நிலையங்களின் முன்னே வாகனங்கள் இரவு பகலாக வரிசையிட்டு நின்ற காட்சியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆண்டின் தொடக்கத்திலே லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், ஆனி மாதக் கடைசியிலே 470 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை என்பதே பெருந்துன்பம். அந்நாட்களில் ஓரிரவு, எண்பதைக் கடந்த என் தாயாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. அயலிலுள்ள முச்சக்கர வண்டிக்காரத் தம்பியைக் கூவி அழைத்தேன். அவர் ஓடிவந்து, "ஐயா, வண்டி நிற்கிறது, எண்ணெய்தான் இல்லை" என்று கையை விரித்தார். பின்னர் அவரும், அவருடைய தம்பியும், அயல் வீட்டு இளைஞர் இருவரும் தாயாரைப் பிரம்பு நாற்காலியில் இருத்தி, மழைத் தூறலிலே அச்சரிவால் சுமந்து இறக்கினர். கீழே ஒரு வான்காரர் மனமிரங்கி வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தாயார் பிழைத்துக்கொண்டார். ஆயினும் அந்த நாற்காலி என் கண்ணைவிட்டு அகலவில்லை.

எங்களிடம் அன்று கார் இருந்திருந்தால் மாத்திரம் என்ன பயன் என்று கேட்பாருளர். கேள்வி நியாயமானதே. ஆனால் அதன்பின் வந்த கியூ. ஆர். அட்டைப் பங்கீட்டிலே, முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றரும் காருக்கு 20 லீற்றரும் என்று தொடக்கத்தில் வரையறுத்தனர். வாடகைக்கு ஓடிப் பிழைக்க வேண்டியவர் அந்த ஐந்து லீற்றரை இரவு நோயாளிக்கென்று எடுத்துவைப்பாரா? தனக்கென்று ஒரு கார் உடையவன் நாலு லீற்றரைத் தாங்கியிலே பேணி வைத்திருக்கலாம். தாயாருக்கு மாதம் இருமுறை கிளினிக் என்று வைத்தியர் விதித்தபின், வீட்டிலே எல்லாரும் ஒருமுகமாகத் தீர்மானித்தோம்: ஒரு கார் வேண்டும்.

தீர்மானித்தோம், ஆனால் வாங்க முடியவில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020 பங்குனி மாதத்திலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 மாசியிலேதான். இந்த இடைக்காலத்திலே நாட்டிலுள்ள கார்கள் பெரும்பாலும் முன்னர் உள்ளவையே, விரும்புவோரோ கூடிக்கொண்டே போயினர். உலகின் பல நாடுகளிலே, புதிய கார் கடைவாயிலைக் கடந்த நாளிலிருந்தே விலை இழக்கும். முதலாண்டிலேயே ஐந்திலொரு பங்கு அளவு கரைந்துவிடுவதும் உண்டு. ஆகவே பிறர் இரண்டு மூன்று ஆண்டு ஓட்டியதை வாங்குவதே சிக்கனம் என்பது அவர்களின் கணக்கு. இங்கே அக்கணக்குத் தலைகீழாயிற்று. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் 2022 நடுவிலே 360 ரூபாவைத் தொட்டது. பத்தாண்டு பழைய காரை, வாங்கிய விலைக்கு மேலே விற்றவர் பலர். வங்கியிலே பணத்தை வைத்தவன் ஏமாந்தான், வாசலிலே காரை வைத்தவன் தேறினான் என்று ஆசிரியர் ஓய்வறையில் பேச்சு நடக்கும். அவ்வகையில் நான் முன்னவன்.

இறக்குமதி திறந்ததும் பழைய கார்களின் விலை மளமளவென்று சரியும் என்று காத்திருந்தோர் மிகப்பலர். புதிதாக இறங்கியவற்றின்மீது விதித்த சுங்கத் தீர்வையும் உற்பத்தித் தீர்வையும் 18 வீதப் பெறுமதி சேர் வரியும் ஒன்றன்மேலொன்றாக ஏறி நின்றன. பல பெற்றோல் கார்களிலே வரி காரின் அடக்கவிலையையே விஞ்சியது. புதியது மலைமேலிருக்க, பழையது அதன் நிழலிலே விலை குன்றாமல் நின்றது.

நிற்க. 'புதியது' என்ற சொல்லையே சற்று ஆராய வேண்டும். பண்டிதனுக்குச் சொல்லை விட்டால் வேறு கருவி ஏது? நம் நாட்டிலே கார் விற்போர் வாயிலே மூன்று வகை உண்டு. தொழிற்சாலையிலிருந்து நேரே முகவரிடம் வந்தது ஒன்று. ஜப்பானிலே ஒருவர் ஓட்டிக் கழித்து, ஏலத்தில் விலைபோய், கப்பலேறி வந்து, இங்கே இன்னும் இலக்கத்தகடு பெறாதது இரண்டாவது. இதனை 'ரீகண்டிஷன்' என்பர். இங்கேயே பதிவாகிப் பல கை மாறி ஓடியது மூன்றாவது. நம்மவர் இரண்டாவதையும் "புதுக்கார் எடுத்தோம்" என்றே சொல்லுவர்; தேசிக்காய் வைத்துச் சில்லால் நசுக்கி, கட்டுக்கலைச் செல்வ விநாயகர் கோயிலுக்குக் கொண்டுபோய் மாலையும் சாத்துவர். ஜப்பானியர் ஏன் நல்ல காரை இத்தனை விரைவிலே கைவிடுகின்றனர் என்றால், அங்கே புதுக்காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பின்னர் இரண்டாண்டுக்கொரு முறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதற்கு ஆகும் செலவை நினைத்துப் பலர் காரை மாற்றிவிடுகின்றனர். அவர்களும் நம்மைப்போல வீதியின் இடப்பக்கமாக ஓட்டுபவர்கள். சுக்கான் வலப்பக்கத்தில் இருப்பதால் அவை நமக்கு அப்படியே பொருந்துகின்றன. சிங்கப்பூரிலோ, 1990 முதல், கார் வைத்திருக்கும் உரிமையையே பத்தாண்டுக்கென ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்தாண்டு முடிந்தால் மீண்டும் பெருந்தொகை கட்ட வேண்டும், அன்றேல் காரைக் கைவிட வேண்டும். அங்கே கிழமாகிவிடும் கார் கண்டியிலே குமரப்பருவத்தது.

எங்கள் வீட்டிலே கட்சி இரண்டாகப் பிரிந்தது. கொழும்பிலே வேலை பார்க்கும் என் மகன் புதுக்கார்க் கட்சி. "அப்பா, அப்பாச்சியை நடுச்சாமத்திலே ஏற்றிக்கொண்டு போகிற வண்டி வழியிலே நின்றால் என்ன செய்வீர்கள்? புதியதற்கு உத்தரவாதம் உண்டு. குறைப் பணத்துக்கு நான் கடன் எடுக்கிறேன்" என்றான். மாத்தளையிலுள்ள என் மைத்துனர் பழைய கார்க் கட்சி. "அத்தான், காரின் முதல் கீறலுக்குப் பயந்தே புதுக்கார்க்காரன் பாதி ஆயுளைக் கழிப்பான். கண்டி நெரிசலிலே யாருடைய கார் கீறாமல் இருக்கிறது?" என்பது அவர் வாதம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து நகருக்குள் காலை ஏழரை மணிக்கு வந்து பார்த்தவர்கள் இவ்வாதத்தை எளிதிற் புறக்கணிக்கமாட்டார்கள்.

மகனுடைய யோசனையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். என் கையிலும் மனைவியார் கையிலும் இருந்த சேமிப்பு, சீட்டுப் பணம் உட்பட 40 இலட்சம் ரூபா. நான் விசாரித்த மிகச் சிறிய புதுக்காருக்கு இன்னும் 30 இலட்சம் வேண்டியிருந்தது. 14 வீத வட்டியிலே ஐந்தாண்டுக்கு 30 இலட்சம் கடன் எடுத்தால், மாதத் தவணை ஏறத்தாழ 69,800 ரூபா. அறுபது தவணையும் கட்டி முடிக்கையில் கொடுத்தது ஏறத்தாழ 41 இலட்சத்து 88 ஆயிரம். வட்டி மாத்திரம் 11 இலட்சத்து 88 ஆயிரம். நான் ஓய்வு பெற இருப்பதும் ஐந்தாண்டே. என் தவணையை மகன் கட்டினால், அவன் கட்டவேண்டிய வீட்டை யார் கட்டுவது? தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவனிடம் காட்டவில்லை.

இனிப் பழைய கார். இங்கே வேறொரு பேய் நிற்கிறது. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லொவ் என்பார் 1970 ஆம் ஆண்டிலே பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். அதனை முதலிலே மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. 2001 ஆம் ஆண்டிலே அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவே முதற் காரணம். அவர் கூறுவது இது: காரின் உள்ளக்குற்றம் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவான ஒரு விலையையே கேட்பான். அவ்விலை நல்ல கார் வைத்திருப்பவனுக்குக் கட்டாது. அவன் சந்தையிலிருந்து விலகிவிடுவான். கெட்ட கார் வைத்திருப்பவனுக்கோ அது இலாபம். இவ்வாறே நல்லவை விலகிக்கொண்டு போக, மிஞ்சுபவை கெட்டவையாகும். ஏமாற்றுக் காரை அமெரிக்க வழக்கிலே 'எலுமிச்சை' என்பர். கட்டுரையின் தலைப்பிலேயே அப்பழம் இருக்கின்றது. நாமோ கண்ணூறு கழியவென்று எலுமிச்சையைச் சில்லின் கீழே வைக்கிறோம். அவர்கள் எலுமிச்சைக்குப் பயப்படுகின்றனர். நாம் எலுமிச்சையைக் கொண்டு பயத்தை ஓட்டுகின்றோம். வகுப்பிலே இதனைச் சொன்னபோது, முன்னர்க் கேள்வி கேட்ட அதே மாணவன், "அப்படியானால் சேர், பழைய கார் வாங்கினால் எலுமிச்சைமேலே எலுமிச்சை ஏறுமா?" என்றான். அவன் முன்னுக்கு வருவான்.

அந்த அறிஞர் சொன்ன பேயை நான் நேரே கண்டேன். ஒரு விற்பனை நிலையத்திலே, ஊரும் பேரும் வேண்டா, வெள்ளை நிறக் கார் ஒன்று கண்ணைப் பறித்தது. ஓடிய தூரம் 48,000 கிலோமீற்றர் என்று மீற்றர் காட்டிற்று. முன்பணம் கொடுக்கக் கை பைக்குள் போய்விட்டது. நல்லவேளையாக என்னுடன் வந்தவர் கெட்டம்பேயிலே கராஜ் நடத்தும் என் பழைய மாணவர். எழுத்திலக்கணத்தில் என்னிடம் அடிவாங்கியவர்; எஞ்சினின் இலக்கணத்தை யாரிடமும் அடிவாங்காமலே கற்றவர். அவர் எஞ்சினைத் திறக்கவேயில்லை. சாரதியின் கால்படும் பிறேக் மிதியின் இறப்பரைப் பார்த்தார். ஒருபக்கம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. சாரதி ஆசனத்தின் விளிம்பைத் தடவினார், குழிந்திருந்தது. கதவின் உட்பக்கத்திலே, எண்ணெய் மாற்றிய நாளைக் குறிக்கும் சிறிய ஒட்டுத்தாள் ஒன்றின் பாதி கிழிபடாமல் இருந்தது. அதிலிருந்த எண் 1,12,000. "சேர், மீற்றர் பின்னோக்கி நடந்திருக்கிறது" என்று மெல்லச் சொன்னார். விற்பனையாளரிடம் அத்தாளைக் காட்டினோம். அவர் சிறிதும் முகம் மாறாமல், "அது வேறு காருடையதாக இருக்கும்" என்றார். வேறு காரின் ஒட்டுத்தாள் இக்காரின் கதவுக்கு நடந்து வந்ததாக்கும்!

அன்றுமுதல் அவர் எனக்கு ஆசிரியரானார். ஜப்பானிலிருந்து வந்ததென்றால் ஏலத்தாளைக் கேளுங்கள். தந்த பிரதியை நம்பாமல், அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு அதனைச் சரிபார்க்கச் செய்யுங்கள் என்றார். பதிவுச் சான்றிதழிலே குத்தகைக் கம்பனியின் பெயர் முழுமையான உரிமையாளராக இருந்தால், அது நீங்கும்வரை பணம் கொடாதீர்கள் என்றார். உரிமை மாற்றப் படிவத்திலே முன்னைய உரிமையாளர் ஒப்பமிட்டு, நாளிடாமல், கைமாறிக் கைமாறித் திரியும் 'ஓப்பன் பேப்பர்' கார்களைத் தொடவே வேண்டாம் என்றார். ஹைபிரிட் காரென்றால் பற்றரியின் உடல்நிலையைக் கணினியால் அளந்து பார்த்தபின்னரே விலைபேச வேண்டும். மலிவாகக் கிடைக்கும் ஹைபிரிட்டின் மலிவு பல வேளைகளில் அந்தப் பற்றரிக்குள்ளேதான் ஒளிந்திருக்கும் என்றும் சொன்னார்.

2025 கார்த்திகைக் கடைசியிலே டித்வாப் புயல் வந்தது. கண்டி மாவட்டம் பட்ட துயரம் சிறிதன்று. மண்சரிவிலே குடும்பம் குடும்பமாக இழந்தோம். மகாவலி பெருகிக் கரையோர ஊர்களுக்குள்ளே புகுந்தது. அப்பேரிழப்பின் முன்னே காரைப் பற்றிப் பேச நா கூசுகின்றது. பல கிழமைகள் வீட்டிலே எவரும் அப்பேச்சை எடுக்கவுமில்லை. ஆனால் அதன்பின் வாங்குவோர்க்குப் புதியதொரு சோதனை சேர்ந்துகொண்டது. வெள்ளத்தில் மூழ்கிய கார் கழுவித் துடைத்துக் காயவைத்தால் வெளிப்பார்வைக்கு மணமகன்போல நிற்கும். மாணவர் ஆசனத்தை முன்னும் பின்னும் தள்ளி, அதன் தண்டவாளத்தின் மூலையிலே விரலை விட்டுப் பார்ப்பார். ஆசனப்பட்டியை முழுவதும் வெளியே இழுத்து முகர்ந்து பார்ப்பார். ஒரு காரிலே இழுத்த பட்டியின் கடைசி முழத்திலே செம்மண் கோடு இருந்தது. இருவரும் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தோம்.

இவ்வளவும் அறிந்தபின் புதியதே மேல் என்று மனம் ஒருமுறை சாய்ந்தது உண்மை. என்னைத் திருப்பியது ஒரு கிழக்காரின் நினைவு. நான் மாணவனாயிருந்தபோது எங்கள் தலைமையாசிரியரிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. அவர் அதனை வாங்கியபோதே அது மூன்றாங் கை. காலையிலே குளிரில் எஞ்சின் எழும்பாது. மாணவர் நால்வர் சரிவிலே தள்ளிவிடுவோம். அது இருமிக்கொண்டு உயிர்பெறும். தள்ளியவர்களுக்கு அன்று வீட்டுவேலை கேட்கப்படுவதில்லை என்பதால் தள்ளப் போட்டி இருக்கும். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்த அக்கார் 1948 இலே வெளிவந்தது. 1970களின் தொடக்கம்வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. இங்கே அந்நியச் செலாவணி ஒடுங்கி இறக்குமதி இறுகிய 1960, 70களிலே, அதனைப் பேணினாலன்றி வேறு கார் இல்லை என்ற நிலை வந்தது. 1977 இலே பொருளாதாரம் திறந்து ஜப்பானியக் கார்கள் வந்த பின்னும் அது மறையவில்லை. ஆங்கில எழுத்துடன் ஓடியதும், 1958 இலே நாட்டையே கலக்கிய அந்த 'ஸ்ரீ' எழுத்துடன் ஓடியதுமாகச் சில இன்றும் கண்டி வீதியிலே கண்ணிற் படுகின்றன. பேணும் கலை இங்கே அழியாதிருந்ததை இங்கிலாந்துக்காரரே அறிந்திருந்தனர். பாத் நகரிலே மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வேர் என்பவர், பழைய காரைப் பகுதி பகுதியாகப் புதுக்கி நெடுங்காலம் ஓட்டுவதே சிக்கனம் என்று நூலெழுதியவர். அக்காருக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களை அவர் செய்வித்தது இலங்கைத் தொழிலாளரைக் கொண்டே.

அவருடைய வாதத்திலே ஒரு நுட்பம் உண்டு. புதுக்காரின் செலவு முன்னரே நிச்சயமாகத் தெரியும். ஏனெனில் அது மாதந்தோறும் தவணையாக வரும். பழைய காரின் செலவு எப்போது வரும் என்று தெரியாது; ஆனால் வரும். பலர் பழைய காரை வாங்கிக் கெட்டதற்குக் காரணம், கையிலிருந்த காசு முழுவதையும் காருக்கே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியதுதான். மூன்றாம் மாதம் கிளச் எரியும், காசு இராது, கார் வாசலிலே நிற்கும், "பழையது வாங்கக்கூடாது" என்று ஊருக்கு உபதேசம் தொடங்கும்.

இதனை எண்ணியபோது புறநானூற்றிலே ஔவையார் பொகுட்டெழினியைப் பாடிய பாட்டு நினைவுக்கு வந்தது. உப்பு வணிகராகிய உமணர் மூடை ஏற்றிய வண்டியுடன் நெடுவழி போகின்றனர். எருதுகளோ இளையவை, நுகம் பழகாதவை. பாரமோ பெரிது. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் வழியிலே என்ன நேருமென்று யார் அறிவார்? ஆகவே வண்டியின் அடியிலே இன்னுமோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகின்றனர். அதன் பெயர் சேம அச்சு. தந்தையாகிய அதியமானுக்கு அவன் மைந்தன் அத்தகையவன் என்பது பாட்டின் கருத்து. மேல்வகுப்பு மாணவருக்கு இதனை எத்தனையோ முறை படிப்பித்திருக்கிறேன். உவமை, பொருள் என்று பிரித்துப் புள்ளியும் இட்டிருக்கிறேன். ஆனால் அந்த உமணன் வண்டி வாங்கும்போதே இரண்டு அச்சுக்குக் காசு எண்ணி வைத்திருப்பான் என்பது அதுவரை என் புத்திக்கு எட்டவில்லை. பள்ளத்தில் இறங்குவதும் மேட்டில் ஏறுவதுமன்றி ஹந்தானைக்கு வேறு வழி ஏது?

நாற்பது இலட்சத்திலே 8 இலட்சத்தைத் தனியே எடுத்து வைத்தேன். 32 இலட்சத்துக்கு மேலே ஒரு சதமும் காருக்கு இல்லை என்று வீட்டிலே அறிவித்தேன். மகன் முகம் வாடியது. அப்போது மனைவியார், "புதியதோ பழையதோ, மாமியாலே ஏறி இறங்க முடியுமா என்று முதலிலே பாருங்கள்" என்றார். ஆறுமாதமாக ஆண்கள் ஒருவருக்கும் தோன்றாத விடயம் அது.

இறுதியிலே கிடைத்தது ஒரு சுசுக்கி ஆல்ட்டோ, 800 சீ. சீ. எஞ்சின், 2015 இலே பதிவானது. ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவர் முகவரிடம் புதிதாக வாங்கி, தாமே ஓட்டி, என் மாணவரின் கராஜிலேயே பேணி வந்தது. ஓடிய தூரம் 91,000 கிலோமீற்றர். அது பொய்யில்லை என்பதற்குத் தபாலதிபரின் குறிப்புப் புத்தகம் சான்று. ஒவ்வொரு முறை பெற்றோல் அடித்ததும் அதிலே எழுதியிருந்தார். அக்கர்லொவ் சொன்ன பேய் அறிமுகமானவரின் வாசலிலே அவ்வளவாக நிற்பதில்லை. இதிலும் ஓர் இடர் உண்டு. அறிமுகமானவரிடம் விலைகுறைத்துக் கேட்க நா எழாது. பிறகு பிழை கண்டால் குறைசொல்லவும் நா எழாது. 33 சொன்னார், தேநீர் இரண்டு முறை வந்தது, 32 என்றேன், மூன்றாம் முறையும் தேநீர் வந்தது, சம்மதித்தார்.

பணம் கொடுக்குமுன் மாணவர் ஒரு சோதனை வேண்டினார். பேராதனை கடந்து கடுகண்ணாவைக் கணவாயால் இறங்கி, மீண்டும் ஏறிவந்தோம். கப்டன் டோசன் 1820களிலே மலையைக் குடைந்து போட்ட பாதை அது. அவர் நினைவுக்கு 1832 இலே எழுப்பிய கோபுரம் உச்சியிலே நிற்கின்றது. மலையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி வசப்படும் என்ற பழைய நம்பிக்கையை வெள்ளையர் நிறைவேற்றியதாகச் சொல்லும் பாறைக்குடைவும் அங்கேயே. அக்குடைவினருகே, குளிரூட்டியைப் போட்டபடி ஏறும்போது ஆல்ட்டோ சற்று மூச்சு வாங்கியது. குளிரூட்டியை நிறுத்தினோம், ஏறிற்று. எஞ்சினின் வெப்பம் உயரவில்லை. இறக்கத்திலே பிறேக் மிதித்தபோது வலப்பக்கம் சிறிது இழுத்தது. "அது இப்போது ஆபத்தில்லை சேர்; ஆனால் இரண்டு மாதத்துக்குள் பார்க்க வேண்டும்" என்று மாணவர் குறித்துக்கொண்டார்.

மறுநாள் தாயாரை அழைத்துவந்து ஏற்றினோம். முன்னாசனம் தாழ்வுமில்லை, உயர்வுமில்லை. கதவின் மேற்பிடியைப் பற்றிக்கொண்டு பிறர் உதவியின்றித் தாமே ஏறி அமர்ந்தார். சிறிது நேரம் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தவர், "அந்தப் பிள்ளைகளை ஒருநாள் இதிலே ஏற்றிக்கொண்டு போய் வரவேண்டும்" என்றார். நாற்காலியிலே சுமந்த அந்நால்வரைச் சொல்கிறார் என்று உடனே விளங்கியது. 2026 தை மாதத்திலே உரிமை மாற்றம் முடிந்தது. மகன் கொழும்பிலிருந்து வந்து, தன் கையாலேயே தேசிக்காய் வைத்தான்.

எட்டு இலட்சத்தையும் தனிக் கணக்கிலே போட்டு, சேமிப்புப் புத்தகத்தின் உறையிலே 'சேம அச்சு' என்று எழுதி வைத்திருக்கிறேன். காப்புறுதிக்கும் பதிவு மாற்றத்துக்கும் முதலிலே ஒரு பங்கு போயிற்று. மாணவர் சொன்னபடியே இரண்டாம் மாதத்தில் முன்சில்லுகளின் பிறேக் பகுதிகளை மாற்றினோம். நான்கு சில்லுகளில் இரண்டுக்குப் புது டயர் போட்டோம். தாயார் ஐந்து முறை கிளினிக் போய் வந்துவிட்டார். இப்பொழுது மலைமேலே கார் கூடுகின்றது, பழைய பொருளிலே சொல்கிறேன். வைப்பர் இறப்பர் இரண்டும் வெடித்திருக்கின்றன; சனிக்கிழமை கெட்டம்பேக்குப் போகவேண்டும்.